இரண்டாவது கவிதையை நான் படித்த விதம்

கண்ணு,

ஞாயிற்றுக்கிழமை காலையில் நம் வீட்டுப் போன் அடித்தால் அது பெங்களூரிலிருந்து நீதான் என்று பக்கத்து வீட்டுக்குக்கூடத் தெரியும். நீ வேலைக்குச் சேர்ந்ததிலிருந்து ஒரு வாரம் தவறியதில்லை. இப்போது அடிப்பதில்லை. போன வாரம் செல்வியின் அம்மா மதில்மேல் கையை ஊன்றிக்கொண்டு, "ஏனுங்க மிஸ், தம்பி இந்த வாரமும் கூப்படலீங்களாட்ட இருக்குது?" என்று கேட்டது. "அவனுக்கு ஆபீஸ்ல வேலை ஜாஸ்தீங்க, மூச்சு விட நேரமில்லையாம்" என்று சொல்லிப்போட்டு உள்ளே வந்துவிட்டேன். யோசிக்கவே இல்லை. வாயைத் திறந்தால் பொய் தயாராக வந்து நிற்கிறது. எனக்குப் பொய் நன்றாக வரும் கண்ணு. அது உனக்கு எப்போதோ தெரியும் என்பதுதான் எனக்கு இப்போது தெரிந்தது. வெக்கமாக இருக்கிறது. ஊர்ப் பிள்ளைகளுக்கெல்லாம் கட்டுரை எழுதச் சொல்லிக்கொடுத்தவள், சொந்தப் பிள்ளைக்கு ஒரு கடிதம் எழுதத் தெரியாமல் மேசைக்கும் சமையல்கட்டுக்கும் நடந்துகொண்டிருக்கிறேன்.

உங்கப்பாவின் திதிக்கு நீ வந்த அன்று நடந்ததை உனக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. ஆனாலும் எழுதிப் பார்த்தால்தான் அதன் லட்சணம் எனக்குத் தெரிகிறது. காக்காய்க்குச் சோறு வைத்து, ஒறம்பரைச் சனம் எல்லாம் சாப்பிட்டுக் கிளம்பிய பிறகு, மிச்சமான வடையை நீ தூக்குப்போசியில் அடுக்கிக்கொண்டிருந்தாய். செல்வி கேள்வித்தாளோடு வந்தது. எம்.ஏ. தமிழ் கடைசிப் பரீட்சையை அன்று காலைதான் எழுதியிருந்தது.

"மிஸ், அந்த ஒப்பீட்டுக் கேள்வில ரெண்டு கவிதையும் முன்னப்பின்ன பாத்ததே இல்லீங்க. மொதல்து பரவால்லீங்க, நீர்க்குமிழி, பனித்துளின்னு வந்துது, எழுதிப்போட்டேன். ரெண்டாவதுல பஸ்ஸு எதுக்குங்க வருது?"

"அது வாழ்க்கைப் பயணம் அம்மணி. எறங்கறவங்கதான் செத்துப்போறவங்க. மூணு தலைப்புலயும் பிரிச்சுப் போட்டீல்ல?"

"போட்டனுங்க. ஆனா செல்வம் நிலையாமைக்கு ஒண்ணுமே சிக்கலீங்க."

"செவப்பு நம்பர் ஓடுதுன்னு ஒரு வரி இருக்குதல்ல, எஸ்.டி.டி. பூத்துல ஓடற காசு அது. அதத் தூக்கிச் செல்வத்துல போட வேண்டியதுதான?" என்று சொல்லி நான் சிரித்தேன். சிரிக்க வேறு செய்தேன் பார்.

நீ போசியை வைத்துவிட்டுக் கையைத் துடைத்துக்கொண்டு, "அத இப்படிக் குடு செல்வி" என்று வாங்கிப் படித்தாய். "எழுதுனவங்க பேரு போடலீங்களாம்மா?" என்று என்னைக் கேட்டாய். "பெயர் அறியாக் கவிஞர்னு போட்டிருக்குதுங்கண்ணா" என்று அந்தப் பிள்ளை எனக்காகப் பதில் சொன்னது. "இந்தக் கேள்விக்கு எத்தன மார்க்குங்கம்மா?" என்றாய். "இருபது" என்றேன். அட, இருபது என்றேன் கண்ணு! நீ தாளை மடித்துச் செல்வியிடம் கொடுத்து, "நல்லா எழுதியிருப்ப, கவலப்படாத" என்று அதற்கு ஆறுதல் சொன்னாய். அப்புறம் என் பக்கம் திரும்பி, "நான் இன்னைக்குப் பொழுதோட ரயிலுக்கே போறனுங்கம்மா" என்றாய். ஒரு வாரம் லீவு போட்டு வந்த பிள்ளை. நான் இருடா என்றுகூடச் சொல்லவில்லை. வடையைக் கட்டிக் கொடுத்தேன்.

அந்த இரண்டாவது கவிதை நீ எழுதியது. முதல் கவிதை நான் எழுதியது. இரண்டையும் எடுத்துக் கேள்வித்தாளில் போட்டவளும் நானே. இதற்கு மேல் என்ன சொல்லி நியாயப்படுத்த? ஆனால் எப்படி அங்கே வந்து நின்றேன் என்பதையாவது சொல்ல வேண்டும்.

அந்த ஒப்பீட்டுக் கேள்வியைப் பாடத்திட்டத்தில் கொண்டுவரச் சொல்லிச் சண்டை போட்டவள் நான்தான், உனக்குத் தெரியும். நோட்ஸை உருப்போட்டுக் கக்குகிறார்கள், இதுவரை பார்க்காத இரண்டு கவிதையைக் கொடுத்து, நிலையாமையை இருவரும் எப்படிப் பார்க்கிறார்கள் என்று ஒப்பிட்டு எழுதச் சொல்லுவோம், அப்போதாவது படிப்பார்கள் என்று கூட்டத்தில் மேசையைத் தட்டினேன். வாங்கியும் விட்டேன். முதல் வருஷமே பாதிப்பேர் கோட்டை விட்டார்கள். பிள்ளைகள் வந்து அழுதார்கள். மனசு இளகிப்போய் நானே ஒரு வழி சொன்னேன்: எந்தக் கவிதை வந்தாலும் சரி, செல்வம் நிலையாமை, இளமை நிலையாமை, உடம்பு நிலையாமை என்று மூன்று தலைப்புப் போடு, கவிதையில் வருகிற பொருளை எல்லாம் எடுத்து எதற்காவது குறியீடு என்று சொல்லி ஒரு தலைப்பில் உட்கார வை, முடிவில் 'இருவரும் உணர்த்துவது ஒன்றே' என்று எழுது. பிள்ளைகள் பாஸானார்கள். எனக்கும் நல்ல பேர். உங்கப்பா மோட்டார் பம்ப் கம்பெனியில் வார்ப்புப் பகுதியில் இருந்தவர் அல்லவா, சாப்பிட்டுக்கொண்டே கேட்டுவிட்டு, "ஏனுங்க மேடம், எங்க பட்டறைலதான் அச்சு வெச்சு ஊத்தறோம்னு பாத்தா, உங்க காலேஜுலயும் அதேதானாட்ட இருக்குது?" என்று கேலி செய்தார். "உங்களுக்கு இதெல்லாம் புரியாதுங்க, ரசத்த ஊத்திக்கங்க" என்றேன். அவருக்குப் புரிந்த அளவு எனக்குப் புரியவில்லை.

உன் கவிதைக்கு வருகிறேன். அவர் போன மறு வருஷம், முதல் திதிக்கு நீ ஹாஸ்டலிலிருந்து வந்திருந்தாய். நான் குத்துவிளக்கைத் தேய்த்துக்கொண்டிருந்தேன். "அம்மா, இதச் சித்தப் படிச்சுப் பாருங்க" என்று ஒரு தாளை நீட்டினாய். நீட்டிப்போட்டு அங்கேயே நின்றாய். புளிக் கையோடு நான் தொடாமலே குனிந்து படித்தேன். இப்போது மனப்பாடமாகவே தெரிகிறது:

கண்ணாடிக் கூண்டுக்குள்
சிவப்பு எண்கள் ஓடின.
சொல்லியாச்சு என்றது தொலைபேசி.
பஸ் ஒவ்வொன்றும்
யாரையோ இறக்கிவிட்டுப் போனது.
கட்டிலில் இருந்தவர்
கதவையே பார்த்தார்.
பொழுது சாய்ந்த பின்
எல்லாரும் வந்தார்கள்.

"நல்லாத்தான் வந்திருக்குது. நிலையாமைதான் பாடுபொருள். கடைசி வரிதான் சப்புன்னு முடியுது, அத மட்டும் மாத்திப்போடு" என்றேன். "சரீங்கம்மா" என்றாய். தாளை அலமாரியில் வைத்துவிட்டுப் போனாய். நீ கவிதைக்கு மார்க் கேட்டு வரவில்லை என்பது அன்றைக்கு எனக்கு உறைக்கவே இல்லை. அப்புறம் நீ ஒன்றும் எழுதிக் காட்டவும் இல்லை. இன்ஜினியரிங் படிக்கிற பிள்ளைக்கு நேரம் ஏது என்று நானே சொல்லிக்கொண்டேன்.

இந்த வருஷம் கேள்வித்தாள் எடுக்கும் பொறுப்பு எனக்கு வந்தது. எந்தத் தொகுப்பிலிருந்து எடுத்தாலும் நோட்ஸ் போடுகிறவர்கள் முன்னாலேயே பிடித்துவிடுகிறார்கள். யாருமே பார்க்காத இரண்டு கவிதை வேண்டும். உங்கப்பாவின் காரிய அட்டைக்கு என்று நான் எழுதி, அச்சில் போடாமல் விட்ட இரங்கற்பா இருந்தது. உன் தாள் அலமாரியில் இருந்தது. பொருத்தமாக அமைந்துவிட்டது என்று சந்தோஷப்பட்டேன், உன்னிடம் பொய் சொல்லி என்ன ஆகப்போகிறது. உன்னை ஒரு வார்த்தை கேட்க வேண்டும் என்று தோன்றியது. பெங்களூருக்குப் போன் போட்டுக் கேள்வித்தாள் விஷயம் பேசக்கூடாது, ரகசியம் என்று அதற்கும் ஒரு காரணம் கிடைத்தது. பிறகு உட்கார்ந்து விடைக்குறிப்பு எழுதினேன். தொலைபேசி, காலனின் அழைப்புக்குக் குறியீடு. சிவப்பு எண்கள், குறைந்துகொண்டே வரும் வாழ்நாள். பஸ், பிறவிப் பயணம். கதவு, மறுமை. பெற்ற பிள்ளையின் வரிகளுக்கு, பேனா ஒரு இடத்திலும் நிற்காமல், நான் எழுதிய உரை இது.

நீ போன அடுத்த வாரம் திருத்தும் முகாம் தொடங்கியது. இங்கேயே கோயமுத்தூரில்தான். கட்டுக்கட்டாக அதே மூன்று தலைப்பு, அதே 'இருவரும் உணர்த்துவது ஒன்றே.' சிவப்பு எண்களைச் செல்வத்தில் போட்ட சமர்த்துகளும் இருந்தார்கள். ஒரு விடைத்தாளில் தலைப்பே இல்லை. ஒப்பிடத் தெரியாத பிள்ளை என்று மேலோட்டமாகப் பார்த்து ஆறு போட்டுவிட்டு அடுத்ததற்குப் போய்விட்டேன். டீ குடிக்க எழுந்து வராந்தாவுக்கு வந்த பிறகுதான் அதில் கண்ணில் பட்ட ஒரு வரி மண்டைக்குள் சுற்ற ஆரம்பித்தது. டீயை அப்படியே வைத்துவிட்டுத் திரும்பி வந்து எடுத்துப் படித்தேன். எந்த ஊர்ப் பிள்ளையோ, ஆணோ பெண்ணோ, எண் மட்டும்தான் இருந்தது. எழுதியிருந்ததை ஏறக்குறைய அப்படியே தருகிறேன்.

"இரண்டும் ஒரு சாவுக்குப் பிறகு எழுதியவை. முதல் கவிதையில் நீர்க்குமிழி, பனித்துளி, மின்னல் எல்லாம் இருக்கின்றன, இறந்தவர் மட்டும் இல்லை. எழுதியவருக்கு நிலையாமையைப் பற்றி நிறையத் தெரிந்திருக்கிறது. இரண்டாவது கவிதை நிலையாமையைப் பற்றியது என்று எனக்குத் தோன்றவில்லை. இதில் தொலைபேசி தொலைபேசிதான். ஒருவருக்குச் சொல்லப்பட்டுவிட்டது. அவர் வரவில்லை. எழுதியவர் வராதவர்மேல் கோபமாக இருக்கிறார். ஆனால் அது யார் என்று சொல்லாமல் அவரைக் காப்பாற்றுகிறார்."

பேனாவை மூடிவைத்துவிட்டு மேசைமேல் தலையைச் சாய்த்துக்கொண்டேன். பக்கத்து நாற்காலிக்காரர், "ஏனுங்க மேடம், பிரஷருங்களா?" என்று தண்ணீர் எடுத்துக் கொடுத்தார். அந்தத் தாளில் நான் போட்ட ஆறு என்னையே பார்த்துக்கொண்டிருந்தது. பேர் ஊர் தெரியாத ஒரு பிள்ளை, பரீட்சை அவசரத்தில், ஒரே தடவை படித்துக் கண்டுபிடித்துவிட்டது. நான் பெற்றவள். அந்தப் பொழுதில் ஈரோட்டில் இருந்தவள். எனக்குத் தெரியவில்லையாம்!

இனி நான் சொல்ல வேண்டியதைச் சொல்கிறேன். உங்கப்பா போன அன்று நானும் ஒரு திருத்தும் முகாமில்தான் இருந்தேன், ஈரோட்டில். உனக்கும், சொந்தக்காரர்களுக்கும், கம்பெனி ஆட்களுக்கும் நான் சொன்னது, எனக்கு நாலு மணிக்குத்தான் தகவல் சொன்னார்கள் என்று. அது பொய். மத்தியானச் சாப்பாட்டுக்கு முன்னாலேயே முகாம் ஆபீஸ் பியூன் என் மேசைக்கு வந்து, "ஊருல இருந்து போனுங்க மேடம். சாருக்கு நெஞ்சுவலின்னு ஆஸ்பத்திரில சேத்தியிருக்காங்களாம், லைன்ல இருக்காங்க" என்றான். நான் எழுந்து போனில் பேசக்கூட இல்லை. அவருக்கு அடிக்கடி வருகிற வாயுத் தொந்தரவு என்று நினைத்தேன். கையிலிருந்த விடைத்தாள் கட்டில் கால்வாசி மிச்சமிருந்தது. எடுத்த கட்டை முடிக்காமல் இந்தம்மா எழுந்திருக்காது என்று எனக்கு ஒரு பேர். அந்தப் பேரை நான் எவ்வளவு ஆசையாக வைத்திருந்தேன் தெரியுமா? "இந்தக் கட்ட முடிச்சுப்போட்டு வாரேன்னு சொல்லீருங்க" என்றேன். முடித்தேன். கூட்டிப் பார்த்துக் கையெழுத்தும் போட்டேன். பஸ் பெருந்துறை தாண்டும்போதுதான் இது வாயு இல்லையோ என்று தோன்றியது. ஆஸ்பத்திரிக்கு வந்து சேர்ந்தபோது சொந்தக்காரர்கள் எல்லாரும் எனக்கு முன்னால் வந்து நின்றிருந்தார்கள்.

அந்த வராந்தாவில் உன்னைக் கட்டிக்கொண்டு, "நாலு மணிக்குத்தானே எனக்குச் சொன்னாங்க சாமி, மொதல்லயே சொல்லியிருந்தா ஓடி வந்திருப்பனே" என்று அழுதேன். அழுகை நிஜம், பேச்சு பொய். முகாம் ஆபீஸ்காரர்களை எல்லாரும் திட்டினார்கள். உன் பெரியத்தை இன்றைக்கும் மண்ணை வாரித் தூற்றுகிறது. ஒரு பாவமும் அறியாத அந்த பியூன் ஐந்து வருஷமாக எனக்கு விழ வேண்டிய சாபத்தை வாங்கிக்கொண்டிருக்கிறான். நீ மட்டும் யாரையும் திட்டாமல் என் தோளில் மோவாயை வைத்தபடி நின்றாய். அதிர்ச்சி என்று நினைத்தேன். போன் செய்தது கம்பெனி ஆள் என்றுதான் இத்தனை காலமும் நம்பியிருந்தேன். யார் செய்தது என்று கேட்டதே இல்லை. அந்தக் கண்ணாடிக் கூண்டுக்குள் ரிசீவரைப் பிடித்துக்கொண்டு நின்றது நீ. 'சொல்லியாச்சு, கட்டை முடிச்சுட்டு வருவாங்களாம்' என்று அந்தப் பக்கத்திலிருந்து கேட்டதும் நீ. ப்ளஸ் டூ பரீட்சை முடித்திருந்த பிள்ளை. அதைக் காதில் வாங்கிக்கொண்டு போய் ஒவ்வொரு பஸ்ஸாகப் பார்த்திருக்கிறாய். பொழுது சாய்ந்து நான் வந்து சொன்ன பொய்யையும் கேட்டுக்கொண்டாய். ஒரு வருஷம் பொறுத்து, அம்மாவாக வாயைத் திறந்து சொல்லட்டும் என்று ஒரு தாளில் எழுதிக் கொண்டுவந்து நீட்டினாய். அதில் கடைசி வரி சப்பென்று இருக்கிறது என்று சொன்னேன் நான். நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல இருக்கிறது கண்ணு.

அந்த ஆறை அடித்துப்போட்டு இருபது போட்டேன். தலைமைத் தேர்வாளர் கூப்பிட்டார். "என்னங்க மேடம், உங்க குறிப்புலயே இல்லாததுக்கு முழு மார்க்குங்களா? எப்படீங்க?" என்றார். "மத்தவங்க எழுதியிருக்காங்க. இந்தப் பிள்ளை படிச்சிருக்குதுங்க. என் குறிப்பு தப்புங்க" என்றேன். அவர் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்துக் கையெழுத்துப் போட்டார். குறிப்பு தப்பு என்று சொன்னதோடு நிறுத்திக்கொண்டேன். கவிதை யாருடையது என்று சொல்ல அப்போதும் வாய் வரவில்லை. மறுநாளிலிருந்து முகாமுக்கு வரமாட்டேன் என்று எழுதிக் கொடுத்துவிட்டேன். அது ஒன்றும் பெரிய தியாகமில்லை. எனக்குச் சிவப்புப் பேனாவைத் தொட முடியவில்லை, அவ்வளவுதான்.

உனக்குப் புத்தி சொல்லும் தகுதி எனக்கு இல்லை. ஆனாலும் அம்மா என்கிற வழக்கம் விடமாட்டேன் என்கிறது. நாளைக்கு உனக்கும் ஒரு குடும்பம் வரும், யாராவது ஒரு தாளையோ, ஒரு தட்டுச் சோற்றையோ, ஒரு பேச்சையோ உன் முன்னால் நீட்டிப்போட்டு நிற்பார்கள். அதில் என்ன இருக்கிறது என்று பார்ப்பதற்கு முன்னால் நிற்கிறவர் முகத்தைப் பார். கையில் இருக்கிற வேலையை முடித்துவிட்டு வாரேன் என்று ஒருபோதும் சொல்லியனுப்பாதே. உங்கள் ஆபீஸில் உன்னைப் போல் வேலை செய்கிறவன் இல்லை என்று யாராவது சொன்னால் அதைக் கேட்டு ரொம்பவும் மயங்காதே. என்னிடமிருந்து உனக்கு அந்தக் குணம் கொஞ்சம் வந்திருக்கிறது, நான் கவனித்திருக்கிறேன். அது நல்லது என்றுதான் இதுநாள்வரை பெருமைப்பட்டேன்.

எங்கள் துறை மலருக்கு, ஒப்பீட்டுக் கட்டுரை எழுதுவது எப்படி என்று ஒரு கட்டுரை கேட்டிருக்கிறார்கள். அதற்குப் பதில் இந்தக் கடிதத்தைக் கொடுக்கலாம் என்று நினைக்கிறேன். பொய்யை எல்லார் முன்னாலும் சொன்னவள், உண்மையை மட்டும் ஒட்டிய கவரில் போட்டு அனுப்பினால் அது எந்த ஊர் நியாயம்? ஆனால் உன் வரிகள் இதில் இருக்கின்றன. இந்தத் தடவை நீ சரி என்று சொல்லாமல் ஒரு எழுத்தும் அச்சுக்குப் போகாது. வேண்டாம் என்றால் வேண்டாம். பெரியத்தைக்கும் கம்பெனி ஆட்களுக்கும் நேரில் போய்ச் சொல்லிக்கொள்கிறேன். அதற்கு உன் சம்மதம் தேவையில்லை, தைரியம்தான் தேவை.

ஒன்றே ஒன்று மிச்சம் இருக்கிறது. அந்த அறையில் உங்கப்பாவோடு நீ மட்டும் இருந்தாய். கதவையே பார்த்தார் என்று எழுதியிருக்கிறாய். அவர் ஏதாவது கேட்டாரா என்று எழுதவில்லை. டாக்டர் என்ன சொன்னார், என்ன ஊசி போட்டார்கள், எத்தனை மணிக்கு என்று நான் உன்னைக் குடைந்து குடைந்து கேட்டிருக்கிறேன். இதை மட்டும் கேட்டதில்லை. கேட்டால் சொல்லிவிடுவாயோ என்ற பயம். இப்போதும் பயமாகத்தான் இருக்கிறது, ஆனாலும் கேட்கிறேன். அம்மா எங்கே என்று அவர் உன்னைக் கேட்டாரா? கேட்டிருந்தால், என் சாமி, அங்கே ஒண்டியாக நின்றுகொண்டு நீ அவருக்கு என்ன பதில் சொன்னாய்?

அம்மா